டெபியனின் ஃபோல்டர் ஒழுங்கு: தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு மதிப்புரை

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகம், இலவசம், வைரஸ் தொல்லை இல்லை என்ற மூன்றோடு முடித்துக்கொள்கிறார்கள். நான் நட்சத்திரம் போடுவது யாரும் கண்டுகொள்ளாத ஒரு பகுதிக்கு. எந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்று, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் வைத்திருக்கிற ஒழுங்குக்கு. தண்டையார்பேட்டையில் ஐ.ஓ.சி. பக்கம் சின்னதாக ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கன்டெய்னர் லாரி டிரைவர்களுக்கு இ-வே பில், காலேஜ் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட், காசிமேட்டு படகுக்காரர்களுக்கு விண்ணப்பம், எல்லாருக்கும் ஆதார், அப்புறம் கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இந்த மாதிரி வேலைக்கு அந்த ஒழுங்கு எப்படி உதவுகிறது, எங்கே படுத்துகிறது என்பதுதான் இங்கே விஷயம். பெரிய சர்வர் வைத்திருப்பவர்கள் வேறு ஆளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோல்டர் பெயர்களை எல்லாம் கடையில் நாங்கள் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கடைக்குள் தண்ணீர் புகுந்து, தரையில் இருந்த பழைய சி.பி.யூ. அதோடு போயிற்று. ரிச்சி தெருவுக்குப் போய், கம்பெனிகள் கழித்துவிட்ட டெஸ்க்டாப் ஒன்றை வாங்கினேன். எட்டு ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் உரிமத்துக்குத் தனியாகக் காசு கொடுக்கிற நிலைமையில் அப்போது இல்லை. சாயந்திரம் கடைக்கு வரும் பையன் வியாசர்பாடிக்காரன், பி.சி.ஏ. படிக்கிறான். "அக்கா, டெபியன் போட்டுப் பாக்கலாம், புடிக்கலன்னா மாத்திக்கலாம்" என்று சொல்லிப் பென் டிரைவோடு வந்து உட்கார்ந்தான். அவன் போட்டது 12ஆம் பதிப்பு, அந்த வருஷம் ஜூனில் வெளியானது. இப்போது ஓடுவது 2025 ஆகஸ்டில் வந்த 13. (லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் சிஸ்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர் டென்னிஸ் ரிச்சி. தெருவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அந்தத் தெருவில் வாங்கிய பெட்டியில் யூனிக்ஸ் வழிவந்த ஒன்று ஓடுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.)

திறந்து பார்த்தால் சி டிரைவ், டி டிரைவ் என்று எதுவும் இருக்காது. ஒற்றைச் சாய்கோடு, அதற்குக் கீழே எல்லாம். /ஹோம், /ஈடிசி, /யூசர், /வார், /டெம்ப், /மீடியா, /டெவ், இன்னும் கொஞ்சம். முதல் வாரம் எனக்கு இது வீம்புக்குச் செய்த மாதிரிதான் இருந்தது. ஒரு சாஃப்ட்வேர் போட்டால் அதன் சாமான் எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்க வேண்டாமா? இங்கே படம் வரையும் இங்க்ஸ்கேப் போட்டால் நிரல் /யூசர்/பின் உள்ளே போகிறது, ஐகானும் உதவிப் பக்கங்களும் /யூசர்/ஷேர் உள்ளே, நான் மாற்றிய விருப்பங்கள் என் /ஹோம் உள்ளே மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டரில்.

ஒண்டுக்குடித்தனத்தில் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி அடுப்பு, தனிக் குடம், தனி அரிசிப்பானை. கூட்டுக்குடும்பத்தில் பாத்திரமெல்லாம் ஒரே சமையற்கட்டில், துணியெல்லாம் ஒரே அலமாரியில், கணக்கு நோட்டு பெரியவர் பெட்டியில். யூனிக்ஸ் இரண்டாவது ரகம். பொருள் யாருடையது என்று பார்த்து வைப்பதில்லை, என்ன மாதிரிப் பொருள் என்று பார்த்து வைக்கிறது.

இதற்கு எழுத்தில் ஒரு தரநிலை இருக்கிறது. முதலில் 1994 பிப்ரவரியில் லினக்ஸுக்கென்று எழுதப்பட்டது. பிறகு மற்ற யூனிக்ஸ் வகைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வளர்ந்து, 2015 ஜூனில் 3.0 பதிப்பாக வந்தது. ஃபோல்டர் பட்டியலைவிட அதற்கு அடிப்படையாக அதில் வைத்திருக்கும் இரண்டு கேள்விகள்தான் எனக்குப் பிடித்தவை. இந்த ஃபைல் வேலை நடக்க நடக்கத் தானாக மாறுமா, இல்லை யாராவது வேண்டுமென்று கை வைத்தால்தான் மாறுமா? இதை இன்னொரு கம்ப்யூட்டரோடு பகிர்ந்துகொள்ளலாமா, இல்லை இந்தப் பெட்டிக்கு மட்டும் உரியதா?

இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிப் பாருங்கள், எல்லாம் இடத்தில் உட்கார்ந்துவிடும். /யூசர் உள்ளே இருப்பது தானாக மாறாது, எந்த டெபியனிலும் ஏறக்குறைய ஒன்றுதான். /ஈடிசி தானாக மாறாது, ஆனால் என் கடைக்கு உரியது: என் பிரிண்டர் எது, நெட்வொர்க் எது, யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது. /வார் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும்: பிரிண்ட் வரிசை, லாக், எந்தெந்த சாஃப்ட்வேர் போட்டிருக்கிறது என்ற பதிவேடு. /ஹோம் எங்களுடைய வேலை. அதாவது கம்ப்யூட்டர் எரிந்து போனாலும் எதைக் காப்பாற்ற வேண்டும், எது போனால் கவலையில்லை என்பது ஃபோல்டர் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. நான் போட்ட நான்கு நட்சத்திரத்தில் மூன்று இந்த ஒன்றுக்காகத்தான்.

சும்மா சொல்லவில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை எஸ்எஸ்டி எழுந்திருக்கவே இல்லை. கடல் காற்றோ வோல்ட்டேஜோ, காரணம் தெரியாது. அன்றைக்குப் பார்த்து இரண்டு கல்யாணப் பத்திரிகையும் ஒரு அஞ்சலி போஸ்டரும் கையில். தினமும் கடை மூடும்போது வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் போவது நான்கு: /ஹோம், /ஈடிசி, /யூசர்/லோக்கல், அப்புறம் போட்டிருக்கும் சாஃப்ட்வேர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று, சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக. பத்து ஜிபிக்குப் பக்கமாக இருக்கும் /யூசரை நான் நகல் எடுத்ததே கிடையாது. அது டெபியன் தரும் சரக்கு, மறுபடி கேட்டால் மறுபடி தரும். /ஈடிசி மொத்தமும் சேர்த்தே சில எம்பிதான்.

புது எஸ்எஸ்டி வாங்கி வந்து, டெபியன் 13ஐப் போட்டு, பட்டியலைக் கொடுத்து சாஃப்ட்வேர்களை இறக்கச் சொல்லிவிட்டு, /ஹோமைத் திரும்ப ஊற்றினோம். /ஈடிசியை மட்டும் அப்படியே ஊற்றக் கூடாது. அதில் எஃப்எஸ்டேப் என்றொரு ஃபைல் உண்டு. எந்த டிஸ்க் எந்த ஃபோல்டராகத் தெரிய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும், பழைய டிஸ்க்கின் அடையாள எண்ணோடு. புது டிஸ்க்கின் மேல் அதைப் போட்டால் சிஸ்டம் செத்துப்போன டிஸ்க்கைத் தேடிக்கொண்டு நிற்கும். அதனால் பிரிண்ட் வேலையைக் கவனிக்கும் கப்ஸ் என்ற நிரலின், பிரிண்டர் விவரம் இருக்கும் ஃபோல்டர், இன்னும் ஒன்றிரண்டு ஃபைல், அவ்வளவுதான் எடுத்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்திரிகை பிரிண்ட் ஆகிக்கொண்டிருந்தது. டெஸ்க்டாப்பில் இருந்த படம்கூட அதே படம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, மற்றவர்களுக்கும் உதவும். ஒரு ஃபைல் யாருடையது என்பதை டிஸ்க் பெயராக எழுதி வைப்பதில்லை, எண்ணாக வைக்கிறது. டெபியனில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. திரும்பப் போடும்போது பழைய வரிசையிலேயே கணக்குகளை உருவாக்க வேண்டும். பையன் முந்திக்கொண்டு தன் கணக்கை முதலில் தொடங்கியிருந்தால், எண்ணை வைத்துப் பார்த்தால் என் கடைக் கணக்கின் ஃபைல்கள் எல்லாம் அவனுக்குச் சொந்தமாகியிருக்கும்.

/யூசரை நகல் எடுக்க வேண்டாம் என்ற விதிக்கு ஒரு விலக்கு /யூசர்/லோக்கல். டெபியன் தன் பொட்டலங்களை, அதாவது அது கட்டித் தரும் சாஃப்ட்வேர்களை, அதற்குள் போடுவதில்லை. கடைக்காரி தானாகக் கொண்டுவந்து வைப்பதற்கென்று விட்டிருக்கும் இடம் அது. என் தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் அதன் கீழே ஷேர், ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில்தான் இருக்கின்றன. எல்லாக் கணக்கிலிருந்தும் தெரியும், சிஸ்டத்தைப் புதுப்பித்தாலும் யாரும் தொடமாட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நகல் எடுக்காமல் விடலாம் என்று சொன்ன ஃபோல்டருக்குள்ளேயே விடக் கூடாத ஃபோல்டர் ஒன்றை வைத்தவர்களை என்ன சொல்வது? அதைத் தனியாக வெளியே வைத்திருக்கலாம். கால் நட்சத்திரம் இங்கே போகிறது.

கடைக்கு வரும் பென் டிரைவ் கதைக்கு வருகிறேன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் யாருக்கும் ஷார்ட்கட் வைரஸைத் தெரியாமல் இருக்காது. உள்ளே இருக்கும் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலி ஷார்ட்கட் வைக்கும். தட்டினால் நம் கம்ப்யூட்டருக்கும் தொற்றும். டெபியனில் பென் டிரைவ் செருகினால் அது /மீடியாவுக்குக் கீழே, என் கணக்கின் பெயருக்குள், பென் டிரைவின் பெயரிலேயே ஒரு ஃபோல்டராக வந்து நிற்கிறது. விண்டோஸ் வழியில் மறைத்ததை இது மறைவாக எடுத்துக்கொள்வதில்லை, அதனால் உண்மையான ஃபோல்டர் பளிச்சென்று தெரிகிறது. போலி ஷார்ட்கட்டைத் தட்டினாலும் ஒன்றும் நடப்பதில்லை. "ப்ராஜெக்ட் எல்லாம் அழிஞ்சிடுச்சு அக்கா" என்று கலங்கி வந்த காலேஜ் பெண்ணுக்கு அதே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். ஐந்து ரூபாய் கலர் பிரிண்ட்டுக்கு அன்று எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சம் அதிகம்தான். ஒரே பெயரில் இரண்டு பென் டிரைவ் செருகினால் இரண்டாவதின் பெயருக்குப் பின்னால் 1 என்று சேர்த்துவிடும், அதைப் பார்த்துத் திறக்க வேண்டும். எடுக்கும் முன்னால் முறைப்படி வெளியேற்றுங்கள், எழுத வேண்டியது சில நேரம் ராமிலேயே காத்திருக்கும்.

வாடிக்கையாளரின் ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகின்றன. முன்பெல்லாம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஊரில் பாதிப் பேரின் ஆதார் கிடக்கும். கடைக்காரர்கள் யாரும் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை. இப்போது கடைக் கணக்கில் பிரவுசரின் டவுன்லோட் இடத்தை /டெம்ப் உள்ளே ஒரு ஃபோல்டருக்கு மாற்றி வைத்திருக்கிறேன். டெபியன் 12இல் /டெம்ப் டிஸ்க்கில்தான் இருந்தது, அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போடும்போது காலியாகும். 13இல் இயல்பாகவே அது ராமில் இருக்கிறது. கடையை மூடி ஆஃப் செய்தால் அதோடு சரி, டிஸ்க்கில் அந்தப் படம் எழுதப்படுவதே அபூர்வம். புதிதாக 13 போட்டவர்களுக்கு, ஆஃப் செய்யாமலே ஓட்டினாலும் பத்து நாள் தொடாமல் கிடப்பதை அது தானே எடுத்துப்போட்டுவிடும். கரண்ட் போனால் கையில் இருந்த ஃபைலும் போகும் என்பது உண்மைதான். யூ.பி.எஸ். கைவிட்ட அன்று "மறுபடி அனுப்புங்கண்ணா" என்று டிரைவரிடம் சொல்ல வேண்டியிருந்தது, அவர் ஏற்கெனவே டோல்கேட் தாண்டியிருந்தார். அதுவும் ராம் குறைவான பெட்டியில் பெரிய ஃபிளெக்ஸ் ஃபைல்களை /டெம்ப்பில் கொட்டாதீர்கள். அதன் அளவு இயல்பாக ராமில் பாதி வரைதான்.

இதைவிட முக்கியமானது ஒன்று. பிரிண்ட் கொடுத்த ஃபைலின் நகல் /வார் உள்ளே ஸ்பூல், கப்ஸ் என்ற ஃபோல்டரில் போய் உட்கார்கிறது. பிரிண்ட் முடிந்ததும் உடனே போகாது, இயல்பான அமைப்பில் 86,400 விநாடி, அதாவது முழுதாக ஒரு நாள் இருக்கும். ஆபீஸில் தவறிப்போன பிரிண்ட்டை மறுபடி எடுக்க அது வசதி. ஊரார் ஆதார் எடுக்கும் கடையில் அது வேண்டாத ஆபத்து. /ஈடிசியில் கப்ஸ் அமைப்பு ஃபைலைத் திறந்து, வேலை முடிந்த ஃபைலை வைத்திருக்காதே என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். நிரல் ஓரிடம், அதற்கு நான் சொல்லும் உத்தரவு இன்னோரிடம், அது சேர்த்து வைக்கும் குப்பை மூன்றாமிடம் என்று பிரித்திருப்பதால்தான் என்னைப் போன்ற ஆள் இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. இந்த அமைப்பு உங்கள் கடையில் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

பையனின் கணக்கிலிருந்து /ஈடிசியையும் /யூசரையும் பெரும்பாலும் படிக்கலாம், மாற்ற முடியாது. அவன் கேம் எதையோ இறக்கி வைத்தால் அவன் /ஹோம்தான் கெடும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அஞ்சலி போஸ்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் விடிவதற்குள் போஸ்டர் சுவரில் இருக்க வேண்டும். நள்ளிரவு தாண்டி ஷட்டரைத் தட்டுவார்கள். போன வருஷம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் செய்த ஃபிளெக்ஸில் தாத்தாவின் நல்ல படம் இருக்கும், அதை எடு என்பார்கள். எந்த மாதம் என்று யாருக்கும் நினைவிருக்காது. என் வேலைகள் வருஷம், மாதம் என்று தேதி வாரியாக இருக்கின்றன. அதே வேலைக்குக் குடும்பத்தின் பெயரில், தெருவின் பெயரில் தனி ஃபோல்டர்களில் குறியிணைப்பு வைத்திருக்கிறேன். ஃபைல் ஒன்றுதான், டிஸ்க்கில் இடமும் ஒரு தடவைதான், போய்ச் சேரும் வழி மூன்று. யூனிக்ஸில் ஃபோல்டர் என்பதே பெயரும் அதற்கு எதிரே ஒரு எண்ணும் எழுதிய பட்டியல்தான். ஃபைலின் உண்மையான விவரங்கள் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கின்றன, பெயர் பட்டியலில் மட்டும். குறியிணைப்பு அந்தப் பட்டியலில் 'அங்கே போய்ப் பார்' என்று எழுதிய ஒரு வரி. விண்டோஸ் ஷார்ட்கட் போல ஃபைல் மேனேஜருக்கு மட்டும் புரிகிற விஷயம் அல்ல இது. கிம்ப், லிப்ரே ஆஃபீஸ், ஸ்கிரைபஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் எல்லாம் உண்மையான ஃபைல் என்றே நினைத்துத் திறக்கும். ஒன்று மட்டும் கவனம்: மூல ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்தினால் இணைப்பு அந்தரத்தில் தொங்கும், அதைத் தானாகத் திருத்தாது.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. என் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் எக்ஸ்ட்4 என்ற அமைப்பில் ஒரு பெயருக்கு வரம்பு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று; புள்ளிக்கும் தனி மூன்று, துணைக்காலுக்கும் தனி மூன்று. தண்டையார்பேட்டை என்று எழுதினால் கண்ணுக்கு எட்டு எழுத்து, குறிகள் பதினைந்து, டிஸ்க்குக்கு 45 பைட். ஆக மொத்தம் 85 குறிகளுக்குள் முடிக்க வேண்டும். 'தண்டையார்பேட்டை நேதாஜி நகர் மாமா வீட்டு வளைகாப்பு அழைப்பிதழ் கடைசித் திருத்தம் இதுதான் கடைசி' என்று பெயர் வைக்கிற பழக்கம் உள்ளவர்களின் ஃபைல் விண்டோஸிலிருந்து வரும்போது, பெயர் நீளம் என்று நகல் எடுக்க மறுத்துவிடும். அங்கே கணக்கு பைட்டில் இல்லை என்பதால் அங்கே அது பிரச்சினையாகவே தெரிந்திருக்காது.

இரண்டாவது இன்னும் விஷமம். 'கொ' என்ற எழுத்தின் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எக்ஸ்ட்4 இயல்பாக இரண்டையும் வேறு வேறு பெயராகவே எடுத்துக்கொள்ளும். கொடுங்கையூர் என்று இரண்டு ஃபோல்டர் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்துப் பையன் கண் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தான். ஒன்று என் கீபோர்டில் உருவானது, இன்னொன்று வாடிக்கையாளர் அனுப்பிய ஜிப்பிலிருந்து வந்தது. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் இதே கறாரோடு பார்க்கும். தமிழில் பெயர் வைத்தால் அந்தத் தலைவலியாவது இல்லை.

சரி, குறைந்த நட்சத்திரத்தின் மீதிக்கு வருகிறேன். இந்த ஒழுங்கை யாரோ ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தது போலத் தோன்றும். அப்படி இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் ரிச்சியும் 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸில் வேலை செய்தபோது டிஸ்க்குகள் மிகச் சின்னவை. /யூசர் என்பது அப்போது இரண்டாவது டிஸ்க், பயனர்களின் சொந்த ஃபைல்கள் அதில் இருந்தன. முதல் டிஸ்க்கில் இடம் தீர்ந்ததும் நிரல்கள் அதற்குள் வழிந்தன. பயனர்கள் பிற்பாடு வேறு வீடு போய்விட்டார்கள், நிரல்கள் தங்கிவிட்டன. அதனால்தான் /பின் ஒன்று, /யூசர்/பின் இன்னொன்று என்று பல பத்தாண்டுகள் இரண்டு இருந்தன. எது எங்கே போக வேண்டும் என்பதற்கு அப்புறம் அப்புறமாகக் காரணங்கள் கற்பித்தார்கள். இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோரா 2012இல், 17ஆம் பதிப்பில், இரண்டையும் ஒன்றாக்கியது. டெபியன் 12இல்தான் அதைக் கட்டாயமாக்கினார்கள். இப்போது /பின், /எஸ்பின், /லிப் எல்லாம் வெறும் குறியிணைப்பு, உள்ளே போனால் /யூசரில் நிற்போம்.

மிச்சக் குப்பை இன்னும் இருக்கிறது. டிஸ்க்கைத் தற்காலிகமாகப் பொருத்த /மவுண்ட் என்று பழைய ஃபோல்டர் ஒன்று இருக்க, பென் டிரைவ் வகைகளுக்கென்று 2004இல் தரநிலையில் /மீடியாவைச் சேர்த்தார்கள். ஃபெடோராவில் போய்ப் பார்த்தால் பென் டிரைவ் /ரன் என்பதன் கீழே இருக்கும். வெளியார் சாஃப்ட்வேருக்கு /ஆப்ட். ஒரு பிரிண்டர் கம்பெனியின் டிரைவர் பாதியை /ஆப்ட்டிலும் பாதியை /யூசரிலும் இறக்கிவிட்டு, நீக்கும்போது ஒரு பாதியை மறந்தே போனது. டெபியன் பொட்டலமாக வந்த எதற்கும் இந்தப் பிரச்சினை இல்லை. எந்த ஃபைல் எந்தப் பொட்டலத்தைச் சேர்ந்தது என்று /வார் உள்ளே பதிவேடு இருக்கிறது, கேட்டால் ஒரு நொடியில் பதில் சொல்லும். கூட்டுக் குடித்தனம் நடப்பதே அந்தப் பதிவேட்டை நம்பித்தான். அதில் பெயர் பதியாமல் சாமான் இறக்குகிறவர்களால்தான் வீடு கெடுகிறது.

அப்புறம் புள்ளியில் தொடங்கும் பெயர்கள். பெயரின் முன்னால் ஒரு புள்ளி வைத்தால் ஃபைல் பட்டியலில் மறைந்துவிடும். இது திட்டமிட்ட வசதியே இல்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'இந்த இடம்', 'மேலே உள்ள இடம்' என்பதற்காக இருக்கும் ஒற்றைப் புள்ளியையும் இரட்டைப் புள்ளியையும் பட்டியலில் காட்டாமல் இருக்க எழுதிய குறுக்கு வழி, புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் சேர்த்து மறைத்துவிட்டது என்று பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ராப் பைக் 2012இல் எழுதினார். அதன் பலனை இன்றைக்கும் நாம் அனுபவிக்கிறோம். என் /ஹோமில் கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டர்களைவிடத் தெரியாதவை அதிகம். கையால் நகல் எடுக்கிறவர்கள் மறைந்திருப்பதையும் காட்டச் சொல்லிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் பிரவுசர் பாஸ்வேர்ட் முதல் இங்க்ஸ்கேப் விருப்பங்கள் வரை எதுவும் வராது. கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) என்ற பெயரில் இருப்பதை மட்டும் தாராளமாக விட்டுவிடலாம்.

இன்னொரு டிஸ்க் சேர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய வேலைகளுக்காக ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, அதை /ஹோமுக்குள் 'பழையது' என்ற ஃபோல்டராகவே தெரிய வைத்திருக்கிறேன். எங்கே இந்த டிஸ்க் முடிந்து அந்த டிஸ்க் தொடங்குகிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, அருமையான வசதி. ஆனால் எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில் (nofail) என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் கேபிள் தளர்ந்தால் சிஸ்டம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவசர நிலைக் கருப்புத் திரையில் நின்றுவிடும், காலை பத்து மணிக்குக் கூட்டம் நிற்கும்போது. சேர்த்தால் வேறொரு சிக்கல்: டிஸ்க் இல்லாத நாளில் 'பழையது' வெறும் காலி ஃபோல்டராக இருக்கும், அதில் எதையாவது சேமித்தால் மறுநாள் டிஸ்க் வந்து மேலே உட்கார்ந்ததும் சேமித்தது அடியில் மறைந்துவிடும். தொலையாது, ஆனால் டிஸ்க்கைக் கழற்றாமல் கண்ணில் படாது. காலி ஃபோல்டருக்கு எழுத அனுமதி தராமல் விட்டால் இரண்டாவது சிக்கலும் தீரும்.

கற்றுக்கொள்ளத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். டெர்மினலில் மேன் ஹையர் (man hier) என்று அடித்தால் ஒவ்வொரு ஃபோல்டரும் எதற்கு என்று பட்டியல் வரும். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலிருந்தே இந்தப் பக்கம் உண்டு. ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் படிக்க விரும்பினால் கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றிய கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

யாருக்கு வேண்டாம்? நாள் முழுக்கக் கோரல்ட்ராவிலும் பேஜ்மேக்கரிலும் ஓடும் கடைக்கு வேண்டாம், அவை இதில் இல்லை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில்தான் தட்டச்சு செய்வேன் என்பவர்களும் யோசிக்க வேண்டும். வேறு கடைகளிலிருந்து வரும் கோரல் ஃபைல்களுக்காக மூலையில் ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப் இன்னும் வைத்திருக்கிறேன். டெபியனில் /சர்வ் என்று மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டியதை வைக்க ஒரு ஃபோல்டர் உண்டு. நெட்வொர்க் வழியாக அதை லேப்டாப்புக்குப் பகிர்ந்திருக்கிறேன். அங்கே அது இசட் டிரைவ் என்று தெரிகிறது. என் கடைக்குக் கோரலில் ஃபைல் அனுப்புகிறவர்கள், கூடவே ஒரு பி.டி.எஃப்.பும் சேர்த்து அனுப்பினால் உங்கள் வேலை அரை மணி நேரம் முன்னாடியே முடியும். ஞாயிறு மதியம் கடை லீவு.